அதிபர் தேடு படலம்

பூன் லேயில் ஜூரோங் பாயிண்ட் ஃபேர்பிரைஸுக்குள் நுழைகிறீர்கள். அரைக் கிலோ சின்ன வெங்காயமும் ஒரு பொட்டலம் கோதுமை மாவும் எடுத்துக்கொண்டு பத்து வெள்ளித் தாளை நீட்டுகிறீர்கள். (இந்தக் காலத்தில் தாளை யார் நீட்டுகிறார்கள் என்று கேட்காதீர்கள், கதைக்கு வேண்டியிருக்கிறது.) தாளில் சொங்கோக் அணிந்திருப்பவர் யூசோஃப் இஷாக், சிங்கப்பூரின் முதல் அதிபர். அந்தத் தாளைக் கல்லாவில் போட்டுக்கொள்வது என்டியுசி தொழிற்சங்கத்தின் கூட்டுறவுக் கடை. தொழிற்சங்கம் அரிசி பருப்பு விற்கட்டும், டாக்சி ஓட்டட்டும், காப்புறுதி போடட்டும் என்று முட்டி மோதி அந்தக் கூட்டுறவுகளை நிறுத்திக் காட்டியவர்களில் முன்வரிசைக்காரர் தேவன் நாயர், மூன்றாவது அதிபர்.

ஆக, ஒரு அதிபரைக் கொடுத்து இன்னொரு அதிபரின் கடையில் வெங்காயம் வாங்குகிறீர்கள். இந்த இருவரையும் அதிபராக்க நீங்களோ, உங்கள் அப்பாவோ, தாத்தாவோ ஒரு வாக்குக்கூடப் போட்டதில்லை.

இதில் திருட்டுத்தனம் ஒன்றுமில்லை, சட்டமே அப்படித்தான் இருந்தது. மக்கள் நாடாளுமன்றத்தைத் தேர்ந்தெடுப்பார்கள், நாடாளுமன்றம் அதிபரைத் தேர்ந்தெடுக்கும், அதிபர் நாலு வருடம் இஸ்தானா மாளிகையில் இருந்து கைகுலுக்குவார், நாடா வெட்டுவார், வெளிநாட்டுத் தூதர்களிடம் நற்சான்றுப் பத்திரம் வாங்கிக்கொள்வார். யூசோஃப் இஷாக் விஷயத்தில் இன்னும் ஒரு வேடிக்கை. 1965 ஆகஸ்ட் 9 அன்று மலேசியாவிலிருந்து பிரிந்த அவசரத்தில், நாட்டின் தலைவருக்கு என்ன பெயர் என்று யோசிக்க யாருக்கும் நேரமில்லை. அவர் அதுவரை இருந்த யாங் டி-பெர்துவான் நெகாரா பதவியிலேயே தொடர்ந்தார். டிசம்பர் 22இல் சட்டம் இயற்றி, ‘இவர் அதிபர், அதுவும் ஆகஸ்ட் 9 முதலே அதிபர்’ என்று பின்தேதியிட்டார்கள். நாலு மாதம் அதிபராக இருந்த செய்தி நாலு மாதம் கழித்துத்தான் அவருக்கே அதிகாரபூர்வமாகத் தெரிந்தது.

நாட்டுத் தலைவரை மன்றத்தில் உட்கார்ந்திருப்பவர்களே பொறுக்கி எடுக்கும் ஏற்பாட்டை நாம்தான் கண்டுபிடித்தோம் என்று யாரும் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டாம். அதில் நமக்கு மூத்தவர்கள் அமெரிக்கர்கள். 1776இல் பிரிட்டிஷ் அரசரோடு சண்டை பிடித்துக்கொண்டு வெளியேறிய குடியேற்றங்களில் பெரியது வர்ஜீனியா. அரசர் அனுப்பிய கவர்னர் டன்மோரிடம் பட்ட பாட்டில், அந்தப் பதவிப் பெயரைக் கேட்டாலே அவர்களுக்கு அலர்ஜி. ஆனாலும் கவர்னர் இல்லாமல் ஒரு மாநிலம் எப்படி என்று ஒரு கவலையும் இருந்தது. ஆகவே ஒரு கவர்னரை வைத்துக்கொண்டார்கள், பல்லைப் பிடுங்கிவிட்டு. அவரைச் சட்டமன்றம் தேர்ந்தெடுக்கும். பதவி ஒரே வருடம். தொடர்ந்து மூன்று வருடத்துக்கு மேல் கூடாது. மசோதாவைத் தடுக்கும் அதிகாரம் கிடையாது. எதைச் செய்தாலும் எட்டுப் பேர் கொண்ட ஆலோசனை சபையைக் கேட்டுக்கொண்டு செய்ய வேண்டும். முதல் கவர்னர் பேட்ரிக் ஹென்றி, மேடையேறினால் ஊரையே கட்டிப்போடும் பேச்சாளர். அவரைப் பேச மட்டும் விட்டார்கள்.

1779இல் மூன்று வருட வரம்பு முடிந்து ஹென்றி இறங்கினார். போட்டிக்கு வந்தவர்களில் இருவர் தாமஸ் ஜெஃபர்சனும் ஜான் பேஜும், கல்லூரிக் காலத்திலிருந்து உயிர் நண்பர்கள். முதல் சுற்றில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. இரண்டாம் சுற்றில் ஜெஃபர்சனுக்கு 67, பேஜுக்கு 61. ஆறு வாக்கில் கவர்னர். நண்பர்கள் கடிதம் எழுதிச் சமாதானமாகிவிட்டார்கள். தேர்தல் முடிந்து நண்பர்களாகவே இருந்தவர்களை வரலாற்றில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பிறகுதான் கூத்து. 1781 ஜூன் தொடக்கத்தில் ஜெஃபர்சனின் இரண்டாம் வருடம் முடிந்தது. அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கச் சட்டமன்றம் கூட வேண்டும். சட்டமன்றமோ பிரிட்டிஷ் படைக்குப் பயந்து ரிச்மண்டை விட்டு சார்லட்ஸ்வில்லுக்கு ஏற்கெனவே ஓடி வந்திருந்தது. டார்ல்டன் என்ற தளபதியின் குதிரைப் படை அங்கேயும் வந்துவிட்டது. உறுப்பினர்கள் மலையைத் தாண்டி ஸ்டான்டன் என்ற ஊருக்கு ஓடினார்கள். ஏழு பேர் மாட்டிக்கொண்டார்கள், அதில் ஒருவர் காட்டுக்கதைகளின் கதாநாயகன் டேனியல் பூன். (பூன் லேயில் உட்கார்ந்து எழுதுவதால் இந்த ‘பூன்’ இடையில் புகுந்தார் என்று நினைக்க வேண்டாம், அவர் நிஜமாகவே உறுப்பினர்.) ஜெஃபர்சன் குதிரையேறித் தப்பினார். ஜூன் 12ஆம் தேதி தாமஸ் நெல்சனைத் தேர்ந்தெடுக்கும் வரை சுமார் பத்து நாள் வர்ஜீனியாவுக்கு முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்ட கவர்னரே கிடையாது. ஓடிப்போன கவர்னர்மேல் விசாரணை வேண்டும் என்று ஓடிப்போன சட்டமன்றமே தீர்மானம் போட்டது. ஆறு மாதம் கழித்து, நன்றி சொல்லி விசாரணையை மூடியது.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது ஒன்றும் புதிதாக இருக்காது. 2017 பிப்ரவரியில் ஒரு முதலமைச்சரை உருவாக்கச் சட்டமன்ற உறுப்பினர்கள் கூவத்தூர் சொகுசு விடுதியில் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். வர்ஜீனியாக்காரர்கள் எதிரியிடமிருந்து ஒளிந்தார்கள். கூவத்தூரில் இருந்தவர்கள் தங்கள் கட்சிக்காரர்களிடமிருந்தே ஒளித்துவைக்கப்பட்டார்கள். ஸ்டான்டனில் நீச்சல்குளம் இருந்ததாகத் தகவல் இல்லை.

சிங்கப்பூரில் இந்த ஓட்டமெல்லாம் கிடையாது. இங்கே இரண்டாம் சுற்று என்ன, முதல் சுற்றே தேவைப்படவில்லை. 1968 பொதுத்தேர்தலில் 58 இடமும் மக்கள் செயல் கட்சிக்கு. அதில் 51 இடத்தில் எதிர்த்து நிற்க ஆளே இல்லை. இப்படி வந்து சேர்ந்த மன்றம், 1970 நவம்பரில் யூசோஃப் இஷாக் பதவியில் இருக்கும்போதே காலமானதும், அடுத்த அதிபராக பெஞ்சமின் ஷியர்ஸைத் தேர்ந்தெடுத்தது. அவர் மகப்பேற்று மருத்துவர், தேக்காவுக்குப் பக்கத்துக் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் பேராசிரியராக இருந்தவர், சிசேரியன் அறுவையில் புது முறையை இங்கே நிலைநாட்டியவர். சிக்கலில்லாமல் வெளியே எடுப்பது அவருக்குக் கைவந்த கலை. அவரைத் தேர்ந்தெடுத்ததும் அப்படியேதான் நடந்தது. வலியும் இல்லை, சத்தமும் இல்லை.

இந்த இடத்தில் ஒருவரைச் சொல்லாமல் போனால் பாவம் பிடிக்கும்: டாக்டர் இயோ கிம் செங், அறுவை சிகிச்சை நிபுணர், நாடாளுமன்ற நாயகர். அதிபர் நாற்காலி காலியாகும்போதெல்லாம் அதில் தற்காலிகமாக உட்காருவது நாயகரின் வேலை. 1970இல் உட்கார்ந்தார். ஷியர்ஸும் 1981 மே 12 அன்று பதவியிலிருந்தபடியே மறைந்தார். மறுபடி இயோ. இந்த முறை ஐந்து மாதத்துக்கு மேல், அக்டோபர் 23 வரைக்கும். 1985இல் மறுபடி இயோ, மார்ச் முதல் செப்டம்பர் வரை. மூன்று முறை இஸ்தானாவுக்குப் போய் மூன்று முறையும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவர் உலகத்தில் வேறு யாராவது இருப்பார்களா தெரியாது. நிரந்தரமாகத் தற்காலிகமாக இருப்பதற்கு ஒரு மனப்பக்குவம் வேண்டும்.

அந்த ஐந்து மாதத்தில் மக்கள் செயல் கட்சி யோசித்து யோசித்துக் கண்டெடுத்த பெயர் தேவன் நாயர்.

பேருக்கு என்ன குறை? மலாக்காவில் 1923இல் பிறந்த மலையாளி. ரப்பர்த் தோட்டத்துக் குமாஸ்தாவின் மகன். பத்து வயதில் சிங்கப்பூர், ரங்கூன் ரோடு பள்ளிக்கூடம், பிறகு விக்டோரியா பள்ளி, பிறகு வாத்தியார் வேலை. 1951இல் பிரிட்டிஷ் எதிர்ப்பு சங்கத்தில் இருந்ததற்காகப் பிடித்துப்போய் செயின்ட் ஜான்ஸ் தீவில் வைத்தார்கள். அவரை அங்கே போய்ப் பார்த்த இளம் வழக்கறிஞரின் பெயர் லீ குவான் யூ. 1956இல் மறுபடி தடுப்புக்காவல். 1959இல் கட்சி ஆட்சிக்கு வந்ததும்தான் வெளியே வந்தார். இஸ்தானா என்று இப்போது நாம் சொல்லும் மாளிகை அந்தக் காலத்து கவர்ன்மென்ட் ஹவுஸ், பிரிட்டிஷ் கவர்னர்களின் வீடு. 1867 முதல் 1869 வரை அதைக் கட்டியதில் இந்தியாவிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட கைதிகளின் உழைப்பு உண்டு. இந்தியக் கைதிகள் கட்டிய வீட்டுக்குள் நூற்றுச் சொச்சம் வருடம் கழித்து ஒரு இந்திய வம்சாவளி முன்னாள் கைதி எஜமானராகப் போனார். இதைக் கதையில் எழுதினால் ‘கொஞ்சம் ஓவர்’ என்று ஆசிரியர் வெட்டிவிடுவார்.

இன்னொன்றும் உண்டு, அதுதான் ருசியானது. 1964இல் மக்கள் செயல் கட்சி மலேசியப் பொதுத்தேர்தலில் தீபகற்பத்துக்குள் காலை நீட்டிப் பார்த்தது. கிடைத்தது ஒரே ஒரு இடம், கோலாலம்பூரை ஒட்டிய பங்சார். வென்றவர் தேவன் நாயர். அடுத்த வருடம் சிங்கப்பூர் பிரிந்துவிட்டது. கட்சி ஒரு நாட்டில், அதன் உறுப்பினர் இன்னொரு நாட்டு நாடாளுமன்றத்தில். அங்கே கட்சிக்குப் பேரை மாற்றி ஜனநாயக செயல் கட்சி ஆக்கினார்கள். 1969 வரை அந்தக் கட்சியின் ஒற்றை உறுப்பினராக, சுற்றிலும் ஆளுங்கட்சி முறைத்துப் பார்க்க உட்கார்ந்திருந்தார் நாயர். தன் கட்சிக்குத் தனி ஆளாக எதிர்க்கட்சி வரிசையில் இருந்தால் எப்படி இருக்கும் என்று சிங்கப்பூர் அரசியலில் யாருக்காவது தெரியும் என்றால் அது அவருக்குத்தான். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்தவர் என்டியுசியை உலுக்கி எழுப்பினார். 1970இல் காப்புறுதியும் டாக்சியும். 1973 ஜூலையில் தோ பாயோவில் ‘வெல்கம்’ என்ற பேரங்காடி, இன்றைய ஃபேர்பிரைஸின் மூத்த பிறவி. 1979 பிப்ரவரி 10 அன்று ஒரே நாளில் ஏழு தொகுதிகளில் இடைத்தேர்தல் வந்தது. ஆன்சன் தொகுதியில் நாயர் நின்று வென்றார். அதே நாள் செம்பவாங்கில் முதன்முறை நாடாளுமன்றத்துக்கு வந்தவர் டோனி டான், முப்பத்திரண்டு வருடம் கழித்து அவரும் அதிபர். அதே நாள் தெலுக் பிளாங்காவில் தோற்றுப்போனவர் ஜே.பி. ஜெயரத்னம்.

ஜெயரத்னத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. யாழ்ப்பாணத்தில் பிறந்து ஜொகூரில் வளர்ந்த தமிழர், லண்டனில் படித்த வழக்கறிஞர், இடையில் நீதித்துறையிலும் இருந்தவர். கன்னத்தை முக்கால்வாசி மூடிய கிருதா. ஆங்கில நாடகத்துப் பாதிரியார் மாதிரி ஒரு குரல். 1971இல் பாட்டாளிக் கட்சியின் பொறுப்பை எடுத்தார். 1972இல் ஃபேரர் பார்க்கில் தோல்வி. 1976இல் கம்போங் சாய் சீயில் தோல்வி. 1977இல் ராடின் மாஸில் தோல்வி. 1979இலும் 1980இலும் தெலுக் பிளாங்காவில் தோல்வி. விக்கிரமாதித்தனாவது ஒரே முருங்கை மரத்துக்குப் போனான், இவர் நாலு மரம் ஏறி இறங்கியிருந்தார்.

1981 அக்டோபர். நாடாளுமன்றத்தில் 75 உறுப்பினர்கள், 75 பேரும் ஒரே கட்சி. மன்றம் கூடி தேவன் நாயரை அதிபராக்குகிறது. எதிர்ப்பதற்கு எதிர்வரிசையில் ஒரு கொசு கிடையாது. ஜெஃபர்சன் இதைப் பார்த்திருந்தால் பொறாமையில் வெந்திருப்பார்.

ஆனால் சட்டத்தில் ஒரு வரி இருந்தது. அதிபராகிறவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கக் கூடாது. நாயர் இஸ்தானாவுக்குப் போனால் ஆன்சன் காலி.

காலியானால் என்ன? 1980 தேர்தலில் நாயர் அங்கே வாங்கியது 84 விழுக்காடு. ஒரு விளக்குமாற்றைக் கட்சிச் சின்னத்தோடு நிறுத்தினாலும் வரும் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். நிறுத்தியது விளக்குமாற்றை அல்ல, பாங் கிம் ஹின் என்ற இளம் தொழிலதிபரை. முன்னாள் அமைச்சர் லிம் கிம் சானின் உறவினர், படித்தவர், அரசியலுக்குப் புதுசு. பிரச்சாரத்தை நடத்தும் பொறுப்பு கோ சோக் டோங்கிடம், பின்னாளில் பிரதமரானவர். எதிரில் கிருதாக்காரர். மூன்றாவதாக ஹர்பன்ஸ் சிங்.

கணக்கில் விட்டுப்போனது ஆன்சன் மக்கள். அது தஞ்சோங் பகாரை ஒட்டிய துறைமுகப் பகுதி. பிளேர் பிளெய்ன் என்ற இடத்தில் துறைமுக ஆணையத்தின் குடியிருப்புகளில் தொழிலாளர் குடும்பங்கள் இருந்தன. கொள்கலன் முனையத்துக்கு இடம் வேண்டும், காலி செய்யுங்கள் என்று சொல்லியாகிவிட்டது. வீவக வீட்டுக்கு அவர்களுக்கு முன்னுரிமை இல்லை, எல்லாரையும்போல வரிசையில் நிற்கலாம். அதோடு பேருந்துக் கட்டணமும் ஏறியிருந்தது. தங்கள் உறுப்பினரைத் தொழிற்சங்கத்தின் பெரிய தலை என்று நினைத்து வாக்குப் போட்டவர்கள் அவர்கள். அவரையோ பத்து மாதத்தில் மாளிகைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், பதிலுக்கு வந்தவருக்குத் தொகுதியில் வழி கேட்டுத்தான் நடக்கத் தெரியும். அந்த நிலைமையில் ஒரு துறைமுகத் தொழிலாளி என்ன செய்வார்?

நாயர் அதிபரான எட்டு நாள் கழித்து, அக்டோபர் 31 சனிக்கிழமை, வாக்குப்பதிவு. ஜெயரத்னம் 7,012. பாங் கிம் ஹின் 6,359. ஹர்பன்ஸ் சிங் 131, வைப்புத்தொகையும் போயிற்று. வித்தியாசம் 653 வாக்கு.

ஆன்சனுக்கு இது பழைய பழக்கம் என்பது அப்போதுதான் சிலருக்கு ஞாபகம் வந்திருக்கும். 1961 ஜூலையில் இதே தொகுதி இடைத்தேர்தலில் மக்கள் செயல் கட்சியை விழுத்தாட்டி டேவிட் மார்ஷலை அனுப்பியது, அவரும் பாட்டாளிக் கட்சி. அந்த அதிர்ச்சியில் கட்சியே இரண்டாகப் பிளந்தது. ஒரே பள்ளத்தில் இருபது வருடம் கழித்து மறுபடி கால் வைக்க ஒரு தனித்திறமை வேண்டும்.

ஒரு நாடாளுமன்றம் தனக்கு மேலே ஒருவரை எதிர்ப்பே இல்லாமல் ஏற்றிவைக்கப் போய், அந்தக் காரியத்தாலேயே தன் எதிரில் ஒரு எதிர்க்கட்சிக்காரரை உட்காரவைத்துக்கொண்டது. வேறு எந்த நாட்டு மன்றமாவது இப்படிச் செய்திருந்தால் நாம் கேட்டுச் சிரித்திருப்போம். சுதந்திரத்துக்குப் பின் நடந்த தேர்தல்களில் வென்ற முதல் எதிர்க்கட்சி உறுப்பினர் அவர். 74 பேருக்கு எதிரே ஒருவர். பங்சாரின் ஒற்றையர் விட்டுப்போன நாற்காலியில் ஆன்சனின் ஒற்றையர். அதிபர் மாளிகையில் நாயர் அன்று இரவு என்ன நினைத்திருப்பார் என்பதை நான் கற்பனை செய்யப்போவதில்லை. நீங்கள் செய்துகொள்ளுங்கள்.

அதன்பிறகு ஜெயரத்னம் எழுந்து கேள்வி கேட்பார், லீ குவான் யூ எழுந்து பதில் சொல்வார். இருவருமே வழக்கறிஞர்கள், இருவருக்குமே விட்டுக்கொடுக்கத் தெரியாது. மன்றத்தில் தூங்கி வழிந்துகொண்டிருந்தவர்களுக்கு அந்த வருடங்களில் தூக்கம் கெட்டது. 1984 டிசம்பர் பொதுத்தேர்தலில் ஆன்சன் அவரை 56.8 விழுக்காட்டோடு திருப்பி அனுப்பியது. போத்தோங் பாசிரில் சியாம் சீ டோங்கும் வந்தார். ஆளுங்கட்சியின் மொத்த வாக்கு கிட்டத்தட்ட பதின்மூன்று விழுக்காடு சரிந்தது.

தேர்தலுக்கு முன்பே அரசாங்கம் தயாள குணத்தோடு ஒரு ஏற்பாடு செய்திருந்தது. எதிர்க்கட்சிக் குரல்தானே வேண்டும்? தோற்றவர்களில் நல்லபடியாகத் தோற்றவருக்கு நாங்களே இடம் தருகிறோம் என்று ‘தொகுதியில்லா உறுப்பினர்’ பதவியை உண்டாக்கினார்கள். மூன்று பேர்வரை நிரப்பலாம். இரண்டு பேர் சொந்தக்காலில் வந்துவிட்டதால் மிச்சம் ஒன்று. அதைப் பாட்டாளிக் கட்சியின் எம்.பி.டி. நாயருக்கு நீட்டினார்கள். இன்னொரு நாயர்! அவர் வேண்டாம் என்றார். அடுத்தவருக்கு நீட்டினார்கள். அவரும் வேண்டாம் என்றார். சும்மா கொடுத்த நாற்காலியும் காலியாகவே கிடந்தது.

1984இலேயே லீ குவான் யூ இன்னொரு யோசனையையும் எடுத்துவைத்தார். ஒருநாள் மக்கள் ஏதோ ஒரு மனநிலையில் தப்பானவர்களை ஆட்சிக்கு அனுப்பிவிட்டால், சேர்த்துவைத்த இருப்புப் பணம் என்னாகும்? ஆகவே பெட்டிக்கு இரண்டாவது சாவி வேண்டும், அது அதிபரிடம் இருக்க வேண்டும், அதைத் தைரியமாக இடுப்பில் முடிந்துவைத்துக்கொள்ள மக்களே அந்த அதிபரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1988இல் ஒரு வெள்ளை அறிக்கை, 1990இல் இன்னொன்று, 1991 ஜனவரியில் சட்டத் திருத்தம். அதிபரைத் தேர்ந்தெடுக்கும் வேலை நாடாளுமன்றத்தின் கையைவிட்டுப் போயிற்று. ஆன்சன்தான் இதற்குக் காரணம் என்று எந்த வெள்ளை அறிக்கையும் எழுதாது. ஆனால் மக்கள் ‘ஏதோ ஒரு மனநிலையில்’ வாக்களிப்பார்கள் என்கிற பயம் 1981 அக்டோபர் 31 வரைக்கும் ஏட்டுச் சுரைக்காயாக இருந்தது, அன்று இரவு கறிக்கு வந்துவிட்டது என்பது என் கணக்கு.

நாயரின் கதை சோகமாக முடிந்தது, அதில் நையாண்டி செய்ய எனக்கு மனமில்லை. 1985 மார்ச் 28 அன்று பதவி விலகினார். மதுப் பழக்கம்தான் காரணம் என்று பிரதமர் நாடாளுமன்றத்தில் சொன்னார். நாயர் பிற்காலத்தில் அதை மறுத்தார். இரண்டு பழைய தோழர்களின் சண்டை கடைசிவரை தீரவில்லை. 2005இல் கனடாவின் ஹாமில்டனில் காலமானார். பூன் லேயில் ரயிலேறினால் மூன்றாவது நிறுத்தம் ஜூரோங் ஈஸ்ட். அங்கே தொழிலாளர் பயிற்சிக்கு அவர் பேரில் ஒரு கழகம் இருக்கிறது. ஷியர்ஸுக்குப் பாலம். நாயருக்குப் பின் நாடாளுமன்றம் கடைசியாகத் தேர்ந்தெடுத்த வீ கிம் வீ, முன்னாள் பத்திரிகையாளர், பூன் லேயிலிருந்து 179ஆம் எண் பேருந்து பிடித்தால் வரும் நன்யாங் பல்கலைக்கழகத்தில் தகவல்துறைப் பள்ளியாக இருக்கிறார். பூன் லே என்பவர் யார் என்று கேட்பீர்களே. சூ பூன் லே, ஜூரோங்கில் நிலபுலன் வைத்திருந்த வணிகர், பிஸ்கட் ஆலை முதலாளி. எந்த மன்றமும் அவரை எதற்கும் தேர்ந்தெடுக்கவில்லை. அவருக்கு ஒரு முழு வட்டாரம், ஒரு ரயில் நிலையம், ஒரு பேருந்து முனையம்.

மக்கள் தேர்ந்தெடுக்கும் அதிபர் என்று ஆனபிறகு என்ன நடந்தது? 1999இல் எஸ்.ஆர். நாதன் போட்டியின்றி வந்தார். 2005இல் மறுபடி போட்டியின்றி வந்தார். நம்மவர் பன்னிரண்டு வருடம் இஸ்தானாவில் இருந்தார், ஒரு வாக்குச்சீட்டிலும் அவர் பேர் அச்சாகவில்லை. 2017இல் ஹலிமா யாக்கோப், அதே கதை. 1993, 2011, 2023 என்று மூன்று தடவை மட்டும் நிஜமாகவே வாக்குப்பதிவு. 2011இல் நின்ற நாலு பேரும் டான். டோனி டான் 7,382 வாக்கு வித்தியாசத்தில் தப்பித்தார். 2023இல் பூன் லேயை ஒட்டிய தாமான் ஜூரோங்கின் நீண்டகால உறுப்பினர் தர்மன் அன்னாசிப்பழச் சின்னத்தில் 70 விழுக்காடு வாங்கினார். அதாவது ஆறில் மூன்று முறை மக்கள் தேர்ந்தெடுக்கும் அதிபரை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. நாடாளுமன்றமாவது ஒவ்வொரு முறையும் கூடித் தீர்மானம் போட்டது. இன்னொரு விசித்திரம், நாயர், ஓங் டெங் சியோங், நாதன், ஹலிமா, நாலு பேருமே ஏதோ ஒரு காலத்தில் என்டியுசியில் வேலை பார்த்தவர்கள். இஸ்தானாவுக்குக் குறுக்குவழி ஆர்ச்சர்ட் ரோட்டில் இல்லை.

முதல் வாக்குப்பதிவு 1993 ஆகஸ்ட் 28. துணைப் பிரதமராக இருந்த ஓங் டெங் சியோங் ஒருபக்கம். மறுபக்கம் முன்னாள் தலைமைக் கணக்காளர் சுவா கிம் இயோ. அவரைக் கெஞ்சிக் கூத்தாடித்தான் நிற்கவைத்தார்கள், போட்டி என்று ஒன்று இருக்க வேண்டுமே! மனுஷர் பிரச்சாரம் என்று பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, எதிராளியைத்தான் பாராட்டினார். அப்படியும் 41 விழுக்காடு விழுந்தது. வாயைத் திறந்திருந்தால் ஜெயித்துத் தொலைத்திருப்பாரோ என்று அவருக்கே பயம் வந்திருக்கும்.

அந்தத் தேர்தலில் நிற்க வேறு சிலரும் விண்ணப்பித்தார்கள். அதில் ஒருவருக்குக் கிருதா நரைத்திருந்தது. 1986இல் கட்சிக் கணக்கு வழக்கில் தண்டனை பெற்று நாடாளுமன்ற இடத்தை இழந்திருந்தார். 1988இல் லண்டன் பிரிவி கவுன்சில் அவரை வழக்கறிஞர் பட்டியலில் மீண்டும் சேர்த்திருந்தது. அதே 1988இல் ஆன்சன் தொகுதி வரைபடத்திலிருந்தே காணாமல் போயிருந்தது. ஒரு அதிபர் ஏறிப்போன ஏணியின் காலடியில் தன் நாற்காலியைக் கண்டெடுத்த ஜே.பி. ஜெயரத்னம், ஏணியில் தானே ஏறிப்பார்க்கலாம் என்று மனுப்போட்டார். அதிபராகத் தகுதி உண்டா என்று பார்க்க ஒரு குழு இருந்தது. அவருக்குத் தகுதிச் சான்றிதழ் இல்லை என்று சொல்லிவிட்டது. ஆன்சனில் அவரை உள்ளே அனுப்ப 7,012 பேர் தேவைப்பட்டார்கள். அந்தக் குழுவில் இருந்தவர்கள் மூன்று பேர்.